காசிமேட்டிலிருந்து கடற்பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பழவேற்காட்டில் பூநாரை பார்த்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தோடு காசிமேட்டில் படகு ஏறிவிடுகிறார்கள். ஏரிக்கரையில் நாம் நிற்போம், பறவையும் நிற்கும். கடலில் இரண்டுமே நடக்காது. சொதப்பல் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முக்காலியில் பொருத்திப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பைனாகுலரில் 7 அல்லது 8 மடங்கு போதும்; பெருக்கம் கூடினால் ஆட்டமும் கூடும். அதையும் கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டு கடலைத் துழாவாதீர்கள். வெறுங்கண்ணால் அடிவானத்தைப் பார்த்திருந்து, அசைவு தெரிந்தபிறகு தூக்குங்கள். குமட்டலும் குறையும். வாந்தி மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்றியபிறகு போட்டால் அதுவும் கடலுக்குத்தான் போகும்.

நம் கரை கிழக்கு பார்த்தது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் சூரியன் நேரே முகத்தில். எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். விடியுமுன் கிளம்பிவிட்டால், வெயில் ஏறும்போது முதுகில் வெளிச்சத்தோடு கரை நோக்கித் திரும்பலாம். மத்தியானக் கடற்காற்று எழும்பி அலை பெருக்கும் முன் வந்தும் சேரலாம்.

அடுத்தது, வெள்ளையாகப் பறப்பதையெல்லாம் கடற்புறா என்பது. தலைகீழாகத் தண்ணீரில் பாய்வது ஆலா, அதாவது டெர்ன். தண்ணீரில் சாவகாசமாக மிதப்பது பெரும்பாலும் கடற்புறா. லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வரும் பழுப்புத்தலைக் கடற்புறாவுக்கு டிசம்பரில் பழுப்புத் தலையைத் தேடாதீர்கள். அப்போது தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தீற்று மட்டும் இருக்கும். கொண்டை ஆலாக்களில் பெரியது, சிறியது என இரண்டு இனம்; பெரியதன் அலகு மஞ்சள், சிறியதன் அலகு ஆரஞ்சு. ஆனால் இளவெயிலில் மஞ்சளும் ஆரஞ்சாகத் தெரியும். முதுகைப் பாருங்கள், சாம்பல் நிறம் அழுத்தமாக இருந்தால் பெரியது. ஆலாவைத் துரத்தி அதன் வாயிலிருக்கும் மீனைக் கக்கவைக்கும் பழுப்புப் பறவையைக் கடற்புறாக் குஞ்சு என்று எழுதிவிடாதீர்கள், மற்ற பறவைகளின் இரையைப் பறிக்கும் ஸ்குவா என்கிற கடற்பறவையாக இருக்கலாம். விரித்த சிறகின் நுனிப்பக்கம் வெள்ளைக் கீற்று இருக்கிறதா பாருங்கள்.

வெப்பக் கடலில் இரை எங்கும் பரவிக் கிடப்பதில்லை. ஒரு மணி நேரம் ஒன்றுமே தென்படாது, அப்புறம் ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கும். சலித்துப்போய் செல்போனை எடுப்பவர்களுக்குத்தான் நல்ல பறவை தவறும். இரண்டு நீரோட்டம் சந்திக்கும் இடத்தில் நுரையும் குப்பையும் கோடாக மிதக்கும். அதை ஒட்டிப் போகச் சொல்லுங்கள். மிதக்கும் கட்டைமேல் பிரைடில்டு டெர்ன் என்கிற ஆலா உட்கார்ந்திருப்பதும் உண்டு. ஆலாக்கள் கூடிப் பாய்ந்தால், கீழே சூரை போன்ற பெரிய மீன் பொடிமீனை மேலே தள்ளுகிறது என்று படகோட்டிக்குத் தெரியும். அப்போது “அண்ணே, இன்னும் கிட்ட போங்க” என்று நச்சரிக்காதீர்கள். நடுவில் படகை விட்டால் மீன் கீழே இறங்கிவிடும், பறவையும் கலைந்துவிடும், பக்கத்தில் வலை போட்டிருப்பவர் திட்டுவார். திட்டுவதும் நியாயம்தான்.

புயலுக்குப் பிறகு எண்ணூர்க் கரையில் சோர்ந்து கிடக்கும் பறவையை, கடற்பறவைதானே என்று தண்ணீரில் வீசுவது மோசமான தவறு. அலையை மீறி எழும்பத் தெம்பு இருந்தால் அது ஏன் கரையில் கிடக்கிறது? போர்க்கப்பல் பறவை என்கிற ஃபிரிகேட் பறவைக்குச் சிறகு சீக்கிரம் நனைந்துவிடும், தண்ணீரில் இறங்கினால் எழும்புவதே கடினம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். உடம்பில் எண்ணெய் ஒட்டியிருந்தாலும் நீங்களே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம்.