ரொட்டி ஈஸ்ட்டில் பீட்டா கரோட்டீனைப் பெருக்கும் முறை

மாவைப் புளிக்கவைக்கும் சாதாரண ஈஸ்ட்டுக்குப் பீட்டா கரோட்டீன் என்னும் ஆரஞ்சு நிறமியைத் தயாரிக்கும் திறன் இயல்பில் கிடையாது. ஆயினும் தன் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருளுக்காக ஃபார்னசைல் பைரோபாஸ்பேட் என்னும் மூலப்பொருளை அது ஓயாமல் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பங்கை நிறமியின் பக்கம் வாய்க்கால் வெட்டித் திருப்புவதே இங்குள்ள வேலை. இந்தியாவில் இத்தகைய ஆய்வுக்கு மரபணு மாற்றப்பட்ட உயிரிகள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகள் பொருந்துவதால், நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவை அணுகிய பிறகே தொடங்க வேண்டும்.

சாந்தோஃபில்லோமைசஸ் டென்ட்ரோரோஸ் என்னும் செந்நிற ஈஸ்ட்டின் மூன்று மரபணுக்கள் தேவைப்படும். சிஆர்டி-இ மூலப்பொருளின் கார்பன் தொடரை நீட்டுகிறது. சிஆர்டி-ஒய்பி அதிலிருந்து நிறமற்ற ஃபைட்டோயீனை ஆக்குகிறது. சிஆர்டி-ஐ அதைச் சிவந்த லைக்கோபீனாக மாற்றுகிறது. பின்னர் சிஆர்டி-ஒய்பியே லைக்கோபீனின் இரு முனைகளையும் வளையமாக்கிப் பீட்டா கரோட்டீனைத் தருகிறது.

ஒவ்வொரு மரபணுவுக்கும் டிஇஎஃப்1, டிடிஹெச்3 போன்ற வலுவான, ஆனால் வெவ்வேறான புரோமோட்டர்களை, அதாவது மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதிகளை, அமைக்க வேண்டும். ஒரே புரோமோட்டரை மூன்று இடங்களில் வைத்தால், ஒத்த வரிசைகளை இணைத்துவிடும் தன் பழக்கத்தால் ஈஸ்ட் இடையிலுள்ள மரபணுவையே வெட்டி எறிந்துவிடக்கூடும். அதே பழக்கம் நமக்கு உதவவும் செய்கிறது: செலுத்தும் டிஎன்ஏ துண்டுகளின் ஓரங்களில் 40 முதல் 50 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்து இணைகள்) குரோமோசோமுடன் ஒத்திருந்தாலே அவை உரிய இடத்தில் சேர்ந்துகொள்ளும். லித்தியம் அசிடேட், பாலிஎத்திலீன் கிளைக்கால், கடத்தி டிஎன்ஏ ஆகியவற்றுடன் செல்களைக் கலந்து, 42 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடம் வைத்து, மரபணுவை ஏற்ற செல்கள் மட்டுமே வளரும் தேர்வு ஊடகத்தில் பரப்பி, 30 டிகிரியில் வளர்க்க வேண்டும். குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடில் மரபணுக்களை வைப்பது எளிதுதான் என்றாலும், தேர்வு அழுத்தம் தளர்ந்தால் அது தொலைந்து, வெள்ளைக் குடியிருப்புகள் (செல் கூட்டங்கள்) முளைக்கும்.

நிறம் வந்துவிட்டது என்பதற்காக உற்பத்தி பெருகிவிட்டதாகக் கொள்ள முடியாது. முதலில் தட்டை நன்றாகப் பார்க்க வேண்டும். குடியிருப்பு சிவந்திருந்தால் வளையமாக்கும் படியில் லைக்கோபீன் தேங்குகிறது என்று ஐயப்படலாம். மூன்று மரபணுக்களும் இருந்தும் வெளிறியிருந்தால் ஃபைட்டோயீன் தேங்கியிருக்கக்கூடும், அப்போது சிஆர்டி-ஐயின் கூடுதல் பிரதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதனோடு, கட்டுப்படுத்தும் முன்பகுதி நீக்கப்பட்ட ஹெச்எம்ஜி1 மரபணுவையும் சேர்த்தால் மூலப்பொருளின் வரத்தே உயரும். 2007இல் வெளியான ஆய்வொன்றில் இவ்விரண்டையும் செய்து, ஒரு கிராம் உலர் எடைக்கு 5.9 மில்லிகிராம் வரை கரோட்டினாய்டு பெற்றனர். மூலப்பொருளை ஸ்குவாலீன் பக்கம் இழுக்கும் இஆர்ஜி9 மரபணுவை அடியோடு நீக்கக் கூடாது, எர்கோஸ்டெரால் இன்றிச் செல் வளராது. அதன் புரோமோட்டரைப் பலவீனமாக்குவதே வழி.

அளவிடும்போது செல்களைக் கண்ணாடி மணிகளால் உடைத்து, மங்கிய ஒளியில் அசிட்டோனால் நிறமியைப் பிரித்து, 450 நானோமீட்டர் அருகே ஒளி உறிஞ்சலைப் பார்க்கலாம். ஆனால் லைக்கோபீனும் அங்கே உறிஞ்சுவதால், இரண்டையும் பிரித்தறிய ஹெச்பிஎல்சி என்னும் திரவ நிறப்பிரிகை முறை வேண்டும். கிராமுக்கு எவ்வளவு என்பதோடு லிட்டருக்கு எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறமிச் சுமையால் வளர்ச்சி குன்றினால் முதல் எண் உயர்ந்தும் இரண்டாவது எண் சரியக்கூடும். அப்போது புரோமோட்டர்களைக் குளுக்கோஸ் இருக்கும்வரை அடங்கியிருக்கும் ஜிஏஎல் வகைக்கு மாற்றி, அவற்றுக்குத் தடையாக உள்ள ஜிஏஎல்80 மரபணுவை நீக்கினால், குளுக்கோஸ் தீரும்வரை செல்கள் பெருகி, அதன் பிறகே நிறமி உற்பத்தி முழு வேகம் கொள்ளும்.