வான்போர் மேசையில் அதிசக்தி விமானிகள்: முதல் ஆட்டத்தை நடத்தும் முறை

இரண்டாம் உலகப்போர்க் கால விமானிகளுக்கு இயல்புக்கு மீறிய ஆற்றல்களைக் கொடுத்து, மினியேச்சர் விமானங்களை மேசையில் நகர்த்தி, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக நடித்து ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தை முதன்முறையாக நடத்த விரும்புவோருக்காக இந்த விளக்கம் எழுதப்படுகிறது. இவ்வகை ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகின்றன. அதிசக்திக்கு ஒரு விதித்தொகுப்பும் விமானத்துக்கு வேறொரு விதித்தொகுப்பும் இருப்பதால், மூன்றாவது சுற்றுக்குள் விமானங்கள் வெறும் அலங்காரமாகிவிடுகின்றன. ஒரு சக்தியைப் பயன்படுத்துவதற்கான விலையை உயரம், வேகம், விமானியின் உடல்வலு ஆகிய மூன்றிலிருந்தே வசூலித்தால் இந்தச் சிக்கல் எழாது. கீழே வரும் விதிகள் எல்லாம் அந்த அடிப்படையில் அமைந்தவை. ஆட்ட நடத்துநர் ஒருவரும் ஆட்டக்காரர் நால்வரும் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் ஆடி முடிக்கும் அளவுக்கு அவை எளிமையாக்கப்பட்டுள்ளன.

படி 1: மேசையும் அளவும்

120 செ.மீ. நீளமும் 80 செ.மீ. அகலமும் கொண்ட தாளிலோ துணியிலோ, 4 செ.மீ. அகலமுள்ள அறுகோணக் கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். நீளவாக்கில் ஏறத்தாழ 30 கட்டங்களும், அறுகோணங்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதால் அகலவாக்கில் ஏறத்தாழ 22 வரிசைகளும் கிடைக்கும். ஒரு கட்டம் 250 மீட்டரையும் ஒரு சுற்று 10 விநாடியையும் குறிக்கும். எனவே ஒரு சுற்றில் 6 கட்டம் நகரும் விமானம் மணிக்கு 540 கி.மீ. வேகத்தில் பறக்கிறது, 1940-இன் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் உச்ச வேகம் இதைவிடச் சற்றே அதிகம்.

மினியேச்சர்களுக்கு 1:300 அளவு பொருத்தமானது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11 மீட்டருக்குச் சற்று மேல் என்பதால், இந்த அளவில் அது 4 செ.மீ.க்குள் அடங்கி ஒரே கட்டத்தில் நிற்கும். 1:144 அளவு கண்ணுக்கு அழகாக இருந்தாலும் இறக்கை ஏறத்தாழ 8 செ.மீ. நீண்டு பக்கத்துக் கட்டங்களை மறைத்துவிடும். வண்ணம் பூசிய மினியேச்சர் கிடைக்கும்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அட்டையில் வெட்டிய விமான வடிவங்களும் போதும், முன்பக்கம் எதுவென்று தெளிவாகத் தெரிந்தால் சரி.

ஒவ்வொரு விமானத்தின் அருகிலும் இரண்டு பகடைகளை வையுங்கள். பன்னிரண்டு முகப் பகடை உயரத்தையும் ஆறு முகப் பகடை வேகத்தையும் காட்டும். உயரத்தின் ஒரு படி 1,000 அடி, அதாவது ஏறத்தாழ 300 மீட்டர். அக்காலப் பிரிட்டிஷ் விமானிகள் வானொலியில் 12,000 அடியை ‘ஏஞ்சல்ஸ் 12’ என்றே அறிவித்தார்கள். பகடையில் தெரியும் எண்ணை ஆட்டக்காரர்கள் அப்படியே சொல்லப் பழகினால், விதியும் கதையும் ஒரே வாக்கியத்தில் நடந்துவிடும்.

படி 2: உயரத்தை வேகமாக்குதல்

முழு ஆட்டத்திலும் மனப்பாடமாக இருக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு படி ஏறினால் வேகத்தில் ஒன்று குறையும், ஒரு படி இறங்கினால் ஒன்று கூடும். இது கற்பனை விதியன்று. மணிக்கு 540 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானம் இயந்திரத்தின் உதவியின்றி 300 மீட்டர் ஏறினால், புவியீர்ப்பின் கணக்குப்படி அதன் வேகம் சுமார் 465 கி.மீ.க்குக் குறையும், நம் அளவில் ஒரு புள்ளிக்குக் கிட்டத்தட்ட நெருக்கமான இழப்பு அது. இயந்திரத்தின் பங்காக, ஏறாமல் பறக்கும் சுற்றில் ஒரு புள்ளி வேகத்தை இலவசமாகக் கூட்டிக்கொள்ளலாம். மட்டமாகப் பறக்கும்போது வேகம் 6-ஐத் தாண்டக் கூடாது. இறங்கும் சுற்றில் மட்டும் 8 வரை போகலாம், கூடுதல் வேகத்தை ஒரு வில்லையால் (சிறு வட்டத் துண்டால்) குறித்துக்கொள்ளுங்கள். வேகம் 1-க்கு வந்துவிட்டால் இறக்கை தாங்காது. விமானம் கட்டுப்பாடின்றி இரண்டு படி கீழே விழும், அந்தச் சுற்றில் சுடவும் முடியாது.

திரும்புவதற்கு, வேகம் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் மூன்று கட்டங்களும், 3 அல்லது 4 என்றால் இரண்டு கட்டங்களும், 2 என்றால் ஒரு கட்டமும் நேராகச் சென்ற பிறகே 60 பாகை திரும்பலாம். இதைவிட ஒரு கட்டம் முன்னதாகவே திரும்புவது ‘இறுக்கமான திருப்பம்’. அதற்கு ஒரு புள்ளி வேகமும் படி 3-இல் விளக்கப்படும் ஒரு மூச்சு வில்லையும் செலவாகும்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தனிக்குணம் போதும். ஸ்பிட்ஃபயர் சுற்றுக்கு ஒருமுறை வேகம் இழக்காமல் இறுக்கமாகத் திரும்பலாம். ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தித் தப்பிக்கலாம், ஏனெனில் அதன் இயந்திரத்துக்கு எரிபொருள் நேரடியாக உட்செலுத்தப்பட்டது. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இயந்திரத்தில் இருந்த மிதவைக் கார்புரேட்டரோ அத்தகைய நேரத்தில் எரிபொருள் ஓட்டம் தடைபட்டு இயந்திரத்தைத் திணறச் செய்தது. பிரிட்டிஷ் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் வடிவமைத்த சிறு தடுப்பான் 1941-இல்தான் அந்தக் குறையைப் பெருமளவு தணித்தது. ஆகவே 109-ஐப் பின்தொடர்ந்து இறங்கும் ஸ்பிட்ஃபயர் ஒரு புள்ளி வேகத்தை இழக்க வேண்டும். இல்லையேல் முதலில் தலைகீழாக உருண்டுவிட்டு இறங்குவதாகக் கொண்டு, ஒரு கட்டம் நேராகச் சென்ற பிறகே இறங்கத் தொடங்க வேண்டும். உண்மையான விமானிகளும் இப்படித்தான் சமாளித்தார்கள்.

படி 3: மூச்சு வில்லைகள்

ஒவ்வொரு விமானிக்கும் ஆறு மூச்சு வில்லைகளைக் கொடுங்கள். இறுக்கமான திருப்பத்தில் விமானியின் உடல் தன் எடையைப் போல் பல மடங்கு கனத்து, இரத்தம் தலையிலிருந்து கீழே இறங்கிப் பார்வை மங்கும். 1940-இன் போர் விமானிகளிடம் அதைத் தடுக்கும் சிறப்பு உடை இல்லை. அதே உடல்தான் அதிசக்தியையும் சுமக்கிறது என்பதால், திருப்பமும் சக்தியும் ஒரே பையிலிருந்து செலவாகட்டும். திரும்பாமல், சுடாமல், சக்தியைப் பயன்படுத்தாமல் பறக்கும் ஒரு சுற்று ஒரு வில்லையைத் திருப்பித் தரும். வில்லைகள் தீர்ந்துவிட்டால் விமானி அரைமயக்கத்தில் ஆழ்வார். அடுத்த சுற்றில் அவருடைய விமானம் அதே வேகத்தில் நேராக மட்டுமே செல்லும். சக்தியைப் பயன்படுத்தித் தப்புவதா, நல்ல திருப்பத்துக்கு மூச்சை மிச்சம் பிடிப்பதா என்ற தயக்கம் ஒவ்வொரு சுற்றிலும் எழும். ஆட்டத்தின் சுவை அங்கேதான் இருக்கிறது.

படி 4: சக்திகளை எழுதுதல்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சக்தியையும் ஓர் அட்டையில் மூன்று வரிகளாக எழுத வேண்டும்: அது எந்த ஒரு விதியை மீறுகிறது, அதற்கு எத்தனை மூச்சு செலவாகும், அதன் ஓட்டை என்ன. மூன்றாவது வரி இல்லாத சக்தியை மேசைக்கு விடாதீர்கள்.

‘எடையற்றவர்’ இரண்டு மூச்சு கொடுத்தால் அந்தச் சுற்றில் மூன்று படிவரை வேகம் இழக்காமல் ஏறலாம். ஆனால் எடையில்லாத விமானம் இறங்கினாலும் வேகம் கூடாது. ‘முன்னறிவோர்’ ஒரு மூச்சு கொடுத்துத் தம் முறையைத் தள்ளிவைத்து, எல்லோரும் நகர்ந்த பிறகு நகரலாம். ஆனால் இரண்டு முன்னறிவோர் எதிரெதிரே வந்தால் இருவருடைய சக்தியும் பலிக்காது. ‘கூர்செவியர்’ மேகத்துக்குள்ளும் சூரிய வெளிச்சத்துக்குப் பின்னாலும் மறைந்திருக்கும் இயந்திரங்களின் ஒலியைச் செலவின்றிக் கேட்பார். ஆனால் அவருடைய கட்டத்திலோ அடுத்த கட்டத்திலோ யாராவது சுட்டால் அவர் ஒரு மூச்சை இழப்பார். ‘இரும்புத்தோலர்’ விமானி அறையைத் திறந்து வெளியேறி எதிரி விமானத்தின் இறக்கையிலேயே குதிக்கலாம். அவர் விட்டுவந்த விமானத்தை யார் ஓட்டுவது என்பதுதான் அவருடைய ஓட்டை.

விமானமின்றித் தாமே பறக்கும் பாத்திரத்தை யாராவது கட்டாயம் கேட்பார்கள். மறுக்க வேண்டாம், அவருடைய வேகத்தை 3-க்குள் நிறுத்துங்கள். 10,000 அடிக்கு மேல் ஆக்சிஜன் குழாயும் சூடான உடையும் இல்லாமல் பறப்பவர் சுற்றுக்கு ஒரு மூச்சை இழக்கட்டும். அவரைச் சுட்டு வீழ்த்துவது கடினம், ஆனால் குண்டுவீச்சு விமானத்தை எட்டிப் பிடிப்பது அவருக்கு அதைவிடக் கடினம். 1:300 அளவில் மனித உருவம் 6 மி.மீ. மட்டுமே இருக்கும் என்பதால், அவருக்கு மட்டும் அளவை மறந்துவிட்டுப் பெரிய உருவத்தை வையுங்கள்.

கையிலிருந்து நெருப்பையோ மின்னலையோ வீசும் சக்திகளை நான் பரிந்துரைப்பதில்லை. எட்டு இயந்திரத் துப்பாக்கிகளைச் சுமந்து பறப்பவருக்கு அவை ஒன்பதாவது துப்பாக்கியாக மட்டுமே பயன்படுகின்றன. நகர்வையும் அறிதலையும் மாற்றும் சக்திகளே மேசையை உயிர்ப்புடன் வைத்திருக்கின்றன.

படி 5: சுற்றின் ஒழுங்கும் சுடுதலும்

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வானொலியில் ஒரே ஒரு வாக்கியம் பேசலாம்; அதன் பிறகு திட்டமிட அனுமதியில்லை. அடுத்து, மிகத் தாழ்வாக இருக்கும் விமானம் முதலில் நகரும், மிக உயரத்தில் இருப்பது கடைசியாக நகரும். மேலே இருப்பவர் கீழே நடப்பதைப் பார்த்து முடிவெடுக்கும் அனுகூலம் இந்த ஒரு விதியாலேயே கிடைத்துவிடுகிறது. உயரம் சமமானால் வேகம் குறைந்தவர் முதலில் நகர்வார்.

நகர்வு முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சுடுவார்கள். இலக்கு நேர் முன்னால் இரண்டு கட்டங்களுக்குள்ளும், உயரத்தில் ஒரு படி வேறுபாட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். ஒரு கட்டத் தொலைவில் நான்கு பகடைகள், இரண்டு கட்டத் தொலைவில் இரண்டு பகடைகள், பின்னாலிருந்து சுட்டால் கூடுதலாக ஒரு பகடை. 5 அல்லது 6 விழுந்தால் அடி. போர் விமானம் நான்கு அடிகளையும் குண்டுவீச்சு விமானம் எட்டு அடிகளையும் தாங்கும். ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளுக்கும் தலா 300 குண்டுகள் மட்டுமே இருந்தன. விசையை விடாமல் அழுத்தினால் ஏறத்தாழ 15 விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு ஸ்பிட்ஃபயருக்கும் ஆறு சுடுவில்லைகளைக் கொடுங்கள். மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் இறக்கைப் பீரங்கிகளுக்குத் தலா 60 குண்டுகளே என்பதால், ஒரு பகடை கூடுதலாகத் தரும் பீரங்கி வில்லைகள் மூன்றும், சாதாரணச் சுடுவில்லைகள் ஆறும் போதும்.

படி 6: முதல் காட்சி

முதல் ஆட்டத்துக்கு 1940 ஆகஸ்ட் 12-ஐ எடுத்துக்கொள்ளலாம். அன்று ஜெர்மன் வான்படை இங்கிலாந்தின் தென்கரையில் இருந்த ரேடார் நிலையங்களைத் தாக்கியது. வைட் தீவிலுள்ள வென்ட்னர் நிலையத்தை யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானங்கள் குண்டு வீசிச் செயலிழக்கச் செய்தன. நம் மேசையில் அந்த முடிவு மாறலாம்.

மேசையின் நீளத்தை வடக்கு-தெற்காகக் கொண்டு, நிலையத்தை வடக்கு விளிம்புக்கு அருகில், தெற்கிலிருந்து 28-ஆவது கட்டத்தில் வையுங்கள். தெற்கு விளிம்பிலிருந்து மூன்று யுங்கர்ஸ் 88 விமானங்கள் உயரம் 10, வேகம் 4 என்று நுழைகின்றன. அவை ஏழாவது சுற்றில் இலக்கை அடையும் என்பதால் ஆட்டம் தானாகவே நீளாமல் முடியும். கடைசி இரண்டு சுற்றுகளில் அவை சுற்றுக்கு மூன்று படி வீதம் இறங்கி உயரம் 4-இல் குண்டு வீசும். அவற்றுக்கு வேகத்தடைப் பலகைகள் இருந்தமையால் இறங்கும்போது வேகம் கூடாது. பின்புறக் காவலர் பின்னால் வருபவரை ஒரு பகடையால் சுடலாம். பாதுகாப்புக்கு இரண்டு மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்கள் உயரம் 12-இல் வரட்டும். ஆட்டக்காரர்களின் நான்கு ஸ்பிட்ஃபயர்களும் வடக்கே உயரம் 8, வேகம் 5 என்று தொடங்கும். தாழ்வாகத் தொடங்குவது நியாயமில்லை என்று முணுமுணுப்பு எழும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அவர்களுக்குச் சக்திகள் உள்ளன.

இலக்கை அடையும் ஒவ்வொரு குண்டுவீச்சு விமானத்துக்கும் ஒரு பகடையை உருட்டி, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு கட்டடம் தகர்ந்ததாகக் கொள்ளுங்கள். மூன்று கட்டடங்களில் இரண்டு தகர்ந்தால் நிலையம் செயலிழக்கும். சுமார் 110 மீட்டர் உயர எஃகுக் கோபுரங்களை மட்டும் தனியே கருத வேண்டும். அவை திறந்த சட்டங்களால் ஆனவை என்பதால் வெடியின் காற்றழுத்தம் அவற்றினூடே கடந்துவிடும், குண்டால் எளிதில் சாயமாட்டா. ஆனால் யாராவது ஒரு இரும்புத்தோலர் கையால் சாய்க்க முயலலாம்.

எதிரிகளில் ஒருவருக்கு மட்டும் சக்தி கொடுங்கள், அதையும் உடனே அறிவிக்காதீர்கள். இரண்டாவது சுற்றில் ஒரு 109 வேகம் குறையாமல் ஏறுவதைக் கூர்செவியர் மட்டும் இயந்திர ஒலியின் மாற்றத்தால் கவனிக்கட்டும். அவர் அதைத் தம் ஒற்றை வாக்கியத்தில் மற்றவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். ஒரு கண்டிப்பையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: எதிரி விமானி மனிதராக இருக்கலாம், ஆனால் நாஜிக் கொள்கையை வீர அலங்காரமாகக் காட்டக் கூடாது.

படி 7: வீழ்ந்த பிறகு

ஒரு விமானம் கடைசி அடியை வாங்கியதும் விமானி பகடையை உருட்டட்டும். 1 விழுந்தால் மட்டுமே அவர் விமானத்தோடு சிக்கிக்கொள்கிறார், மற்றபடி பாராசூட்டில் குதிக்கிறார். சொந்த மண்ணின் மீது போரிட்ட பிரிட்டிஷ் விமானிகள் இறங்கியபின் அடுத்த விமானத்தில் திரும்ப முடிந்தது. அதே நிலத்தில் இறங்கிய ஜெர்மானியர்கள் கைதானார்கள். ஆகவே தோற்ற ஆட்டக்காரரை மேசையைவிட்டு எழுப்பாதீர்கள். அவர் அந்தரத்தில் இறங்கிக்கொண்டே மீதமுள்ள மூச்சு வில்லைகளால் தம் சக்தியைப் பயன்படுத்தலாம், வானொலி இல்லாததால் பேச மட்டும் முடியாது.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு சக்தி அட்டையையும் எடுத்து, அது எத்தனை முறை பயன்பட்டது என்று எழுதிவையுங்கள். ஒருமுறைகூடப் பயன்படாத சக்தியின் விலையை ஒரு மூச்சு குறையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பயன்பட்ட சக்தியின் ஓட்டையைப் பெரிதாக்குங்கள், ஆனால் விலையை ஏற்றாதீர்கள். விலை ஏறிய சக்தியை ஆட்டக்காரர் பயன்படுத்தாமலே விட்டுவிடுவார். ஓட்டை பெரிதான சக்தியைத் தொடர்ந்து பயன்படுத்துவார், எதிரிக்கும் அவரை மடக்க ஒரு வழி கிடைக்கும்.