பாஸ் கொடுக்கும் சின்னப் பையனை எப்படிக் கண்ணில் படவைப்பது

பெரம்பூர் பக்கம் பசங்களுக்கு ஹாக்கி சொல்லித்தருகிறேன். செலக்‌ஷனுக்குப் போய், "ஆள் ரொம்பச் சின்னதா இருக்கான்" என்ற பேச்சோடு திரும்புகிற பையன் ஒவ்வொரு வருடமும் இருக்கிறான். அவனைப் பெற்றவர்களுக்கு நான் சொல்லும் பெயர் மாட்ஸ் சுக்காரெல்லோ.

ஐஸ் ஹாக்கிக்காரர், நார்வேயின் ஆஸ்லோவில் பிறந்தவர். உயரம் ஐந்தடி எட்டு அங்குலத்தைத் தாண்டாது. அமெரிக்கா, கனடா அணிகள் ஆடும் என்எச்எல் லீக்கில், இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. 2009-10இல் ஸ்வீடனின் மோடோ அணிக்கு 55 ஆட்டங்களில் 64 புள்ளிகள் எடுத்தார். அதில் 23தான் கோல். மீதி 41, அவர் பாஸில் அடுத்தவர் போட்டது. ஐஸ் ஹாக்கியில் கோலுக்கு ஒரு புள்ளி என்றால், அதற்கு வழி செய்த பாஸுக்கும் ஒரு புள்ளி. அந்த சீசனின் சிறந்த வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் லீக்கில் ஆடிய வீரர்களே. 2010இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஒப்பந்தம் போட்டது.

நம்மூர் டோர்னமெண்ட் ஸ்கோர் ஷீட்டில் கோல் போட்டவன் பெயர் மட்டும்தான் ஏறும். பந்தைப் பிரித்துக் கொடுத்த பையன் காகிதத்தில் இருக்கவே மாட்டான். அதனால் நீங்களே ஒரு நோட்டு போடுங்கள். எந்த குவார்ட்டர், எந்தப் பக்கம், யாருக்குக் கொடுத்தான், அது கோலா, பெனால்டி கார்னரா, வீணானதா: இவ்வளவு போதும். வீணானதையும் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். நாலைந்து ஆட்டம் போனதும், எந்த இடத்தில் ஆடினால் அவன் பாஸ் பலிக்கிறது என்பது தெரிந்துவிடும். கோச்சிடம் போய் அந்த இடத்தைக் கேளுங்கள்.

அடுத்தது கண். பந்து வந்த பிறகு ஆள் தேடினால், உடம்பு பெரியவன் வந்து மறித்துவிடுவான். நான் பையனுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். முன்னாலிருந்து பந்து உருண்டு வரும். அது ஸ்டிக்கைத் தொடுமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து எண்ணிக்கை சொல்ல வேண்டும். "எத்தனைடா?" "மூணு, மாஸ்டர்!" முதல் வாரம் பந்து காலுக்கடியில் ஓடிவிடும், பரவாயில்லை. பழகியதும் விரலுக்குப் பதில் இரண்டு பசங்களை நிறுத்தி, காலியாக இருப்பவனுக்குத் தட்டச் சொல்லுங்கள்.

ஸ்டிக் விஷயம் சின்னதுதான், ஆனால் நிறையப் பேர் தவறுகிறார்கள். "வளர்ற பையன்" என்று பெரிய சைஸ் வாங்காதீர்கள். நிமிர்ந்து நின்றால் இடுப்பு எலும்பு வரை வந்தால் சரி.

அப்புறம், தெருவிலேயே ஜெயித்துக்கொண்டிருக்க விடாதீர்கள். சுக்காரெல்லோ சொந்த நாட்டு லீக்கிலிருந்து ஸ்வீடனுக்குப் போனதால்தான் பெரிய இடத்துக் கண்கள் பட்டன. நம் பையனுக்கு ஐசிஎஃப் மைதானம் இருக்கிறது, எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் இருக்கிறது. பெரிய பசங்களோடு ஆடக் கிடைக்கிற இடத்துக்கு அனுப்புங்கள்.

எடுத்த பிறகும் பெஞ்சில் உட்காரவைப்பார்கள். சுக்காரெல்லோவையும் கீழ் லீக்குக்கு அனுப்பினார்கள். நடுவில் ரஷ்யா போய் ஆடிவிட்டு 2013இல் ரேஞ்சர்ஸுக்கே திரும்பினார். அடுத்த சீசனில் அந்த அணியிலேயே அதிகப் புள்ளிகள் அவருடையது, 59. அதிலும் 40 பாஸில் வந்தது. பையனைப் பெரிய அணியின் பெஞ்சிலேயே சீசன் முழுக்க உட்காரவிடாதீர்கள். முழு ஆட்டம் கொடுக்கிற சின்ன கிளப் ஒன்றைப் பார்த்து அந்த சீசனை அங்கே ஆடச் சொல்லுங்கள். நோட்டு அங்கேயும் கூடப் போகட்டும்.