பட்டுப்போன அலையாத்திக் காட்டுக்கு மீன்முள் வாய்க்கால்

பிச்சாவரத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970கள் வரை அலையாத்திக் காட்டைக் கூறு கூறாகப் பிரித்து அடியோடு வெட்டினார்கள். மரம் போனதும் சேற்றில் வெயில் விழுந்தது. சேறு காய்ந்து சுருங்கி அமுங்கியது, நிலம் தாம்பாளம்போல் நடுவில் குழிந்தது. பெரிய ஓதத்தில், அதாவது கடல்நீர் ஏற்றத்தில், உள்ளே ஏறிய உப்புநீர் வடிய வழியில்லாமல் அங்கேயே நின்று வற்றியது. எஞ்சிய உப்பில் விதை எப்படி முளைக்கும்? நிலத்தின் மட்டத்தைப் பிடித்து வைத்திருந்ததே மரங்கள்தான். அதனால் இங்கே கன்று நடுவது கடைசி வேலை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்த மீட்புப் பணி, தண்ணீருக்கு வழி விடுவதில்தான் தொடங்கியது.

அலையாத்தி நிலத்தில் மண்வெட்டி வைக்கும் முன் வனத்துறை அனுமதி கட்டாயம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும்.

அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தன்று இடத்தைப் பாருங்கள். தண்ணீர் எங்கே ஏறுகிறது, வற்றிய பிறகு எங்கே தேங்குகிறது என்று குச்சி நட்டுக் குறியுங்கள். உப்புப் பூத்த வெள்ளைத் தரையும், உமரிச் செடி மட்டும் படர்ந்த திட்டுகளும் குழிந்த நிலத்தின் அடையாளம். பிறகு, கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் குழாயால் 10 மீட்டருக்கு ஒரு மட்டம் எடுங்கள். ஓடையில் நீர் வற்றிய மட்டத்தைவிடக் குழியின் அடி உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவருமே தவிர வடிக்காது. அந்த இடத்தை மீனுக்கும் இறாலுக்கும் விட்டுவிடுவதே மேல்.

தாய் வாய்க்காலை ஓடையிலிருந்து ஏறக்குறைய 45 பாகை சாய்த்து வெட்டுங்கள். அதன் இருபுறமும் 10 முதல் 15 மீட்டருக்கு ஒன்றாகக் கிளை வாய்க்கால்கள் சாய்வாகப் பிரியட்டும். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரியும், பெயரும் அதனால் வந்ததுதான். தாய் வாய்க்காலின் அகலம் மேலே 3 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர். கிளைக்கு மேலே 2, அடியில் அரை, ஆழம் முக்கால் மீட்டர் போதும். கரையைச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரிந்துவிடும், சரிவு இருந்தால்தான் கன்றுக்கும் இடம் கிடைக்கும். கோடையில் வெட்டத் தொடங்கி, ஓடையோடு சேரும் வாயைக் கடைசியில் திறந்துவிடுங்கள்.

வெட்டிய சேற்றை இரு கரையிலும் தொடர்ச்சியாகக் குவிப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. அது அணையாகி, நிலத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே தண்ணீரை மறிக்கும். இன்னொன்றும் உண்டு: காற்றுப்படாமல் கிடந்த கந்தகச் சேறு மேலே வந்து காய்ந்தால் புளித்து அமிலம் விடும், மஞ்சள் திட்டுகள் அதைக் காட்டிக்கொடுக்கும். மண்ணை மெல்லியதாகப் பரப்பி, இடையிடையே இடைவெளி விடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவட்டும். ஒரு முழம் ஆழக் குழியில் ஊறும் நீரை உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். கடல்நீரின் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். ஊறுநீர் அதைப்போல் இரு மடங்கு காட்டினால் அந்த ஆண்டு நடவேண்டாம். அதற்குக் கீழே இறங்கினால் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் தாங்கும். இன்னொரு வகையான சுரபுன்னைக்கு உப்பு இன்னும் குறைய வேண்டும், அதை ஓடையோரமாகவே வையுங்கள்.

சுரபுன்னையின் நீண்ட முளை முற்றினால், காய்க்கும் முளைக்கும் நடுவே வளையம்போல் ஒரு கழுத்து தெரியும். இழுக்காமல் தானே கழன்று வரும் முளையை மட்டும் எடுங்கள். கூர்முனை கீழே இருக்க, 5 முதல் 7 சென்டிமீட்டர் சேற்றில் செருகினால் போதும். தலைகீழாக நடுவோரும் உண்டு, கூட்டமாக நடும் நாளில் அதைக் கவனிக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். வெண்கண்டல் விதையை நேரடியாக வீசினால் ஓதம் கொண்டுபோய்விடும். பையில் வளர்த்து, முழங்கால் உயரம் வந்தபின் நடுங்கள்.

நடும் இடம் வாய்க்கால் சரிவின் நடுப்பகுதி, கன்றுக்குக் கன்று 2 மீட்டர். அடியில் நட்டால் எந்நேரமும் மூழ்கிக் கிடக்கும், மேலே நட்டால் உப்பில் கருகும். ஓதத்தோடு விதைகள் தாமே வந்து முளைக்கிற இடமாக இருந்தால் நடும் செலவே வேண்டாம்.

முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆடுமாடு புகாமல் காவல் தேவை, வெண்கண்டல் தழை அவற்றுக்கு விருந்து. கன்றில் சுற்றிய பாசியைக் கையால் எடுத்துவிடுங்கள். நண்டு வளைகளை மிதித்து மூடாதீர்கள், சேற்றுக்குள் தண்ணீரும் காற்றும் போவது அவற்றின் வழியாகத்தான். மழைக்குப் பின் தாய் வாய்க்காலின் வாயில் சேரும் வண்டலை ஆண்டுதோறும் தூர்வார வேண்டும்.

மரம் வளர்ந்ததும் மூச்சுவேர்கள் வண்டலைப் பிடித்துக் கிளை வாய்க்கால்களைக் குறுக்கும். அது பழுதல்ல, குழிந்த நிலம் மேடேறுகிறது. பெரிய ஓதம் வற்றி இரண்டு நாளான பின்னும் எங்காவது தண்ணீர் தேங்கி நின்றால் மட்டும் அந்தக் கிளையைத் தூர்வாருங்கள்.