கவுன்டர்-ஸ்ட்ரைக் 2: கேஸ் திறக்காமல் ஸ்கின் வாங்குவது எப்படி

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சுடும் கணினி விளையாட்டில் ஸ்கின் என்பது துப்பாக்கிக்கு அடிக்கும் பெயின்ட்தான். குறி பார்த்துச் சுட அது துளியும் உதவாது. ஆசைக்கு வாங்குவதென்றால் கேஸ் (உள்ளே எந்த ஸ்கின் வரும் என்று தெரியாத பெட்டி) பக்கம் போகாதீர்கள். ஒரு கேஸைத் திறக்கும் சாவி 2.49 டாலர். சீன அரசின் விதிக்காக 2017-இல் வெளியான வாய்ப்புக் கணக்கில், நிறத்தால் குறிக்கப்படும் தரங்களில் சாதாரணத்திலிருந்து அரியது வரை, நீலம் 79.92%, ஊதா 15.98%, இளஞ்சிவப்பு 3.2%, சிவப்பு 0.64%. கத்தி, கையுறை வகைக்கு வெறும் 0.26%. சராசரியாக 385 கேஸுக்கு ஒன்று. சாவிச் செலவே சுமார் 959 டாலர். ஒவ்வொரு கேஸும் தனிக் கணக்கு என்பதால், 385 திறந்த பிறகும் நூறில் 37 பேர் வெறுங்கையோடுதான் இருப்பார்கள். கேஸ் திறக்கும்போது திரையில் சுழலும் பட்டையில் கத்தி மயிரிழையில் தவறியதுபோல் தெரிவது வெறும் வேடிக்கை.

அதனால் ஸ்டீம் (இந்த விளையாட்டு ஓடும் தளம்) மார்க்கெட்டில், பிற வீரர்கள் விற்கும் ஸ்கின்னை நேரடியாக வாங்குங்கள். போனில் ஸ்டீம் கார்டு (Steam Guard, கணக்குப் பாதுகாப்பு) அங்கீகாரத்தை முன்கூட்டியே போட்டுவையுங்கள். அது புதிதாகப் போட்டதாக இருந்தால், விற்கும்போதும் டிரேடிலும் (பிற வீரரோடு பொருள் மாற்றிக்கொள்வது) பொருள் சில நாள் நிறுத்திவைக்கப்படலாம்.

பிறகு ஃப்ளோட். ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் 0 முதல் 1 வரை ஒரு தேய்மான எண் உண்டு. 0.07-க்குக் கீழே ஃபேக்டரி நியூ, 0.15 வரை மினிமல் வேர், 0.38 வரை ஃபீல்டு-டெஸ்டட், 0.45 வரை வெல்-வோர்ன், அதற்கு மேல் பேட்டில்-ஸ்கார்டு. எத்தனை ஆட்டம் ஆடினாலும் இந்த எண் மாறாது. பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்: 0.16-உம் 0.37-உம் ஒரே ஃபீல்டு-டெஸ்டட், ஆனால் இரண்டாவதில் கீறல் அப்பட்டமாகத் தெரியும். வாங்கும் முன் 'இன்ஸ்பெக்ட்' அழுத்தி, விளையாட்டுக்குள் திருப்பிப் பார்த்துவிடுங்கள். ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கிக்கான அசிமோவ் ஸ்கின்னின் ஃப்ளோட் 0.18-இல்தான் தொடங்குகிறது; யாராவது அதன் ஃபேக்டரி நியூ இருக்கிறது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

விலையில் 15% கட்டணம் ஒளிந்திருக்கிறது (ஸ்டீமுக்கு 5, விளையாட்டுக்கு 10). நீங்கள் 1150 ரூபாய் கொடுத்தால் விற்றவருக்கு 1000. அதையே திரும்ப 1150-க்கு விற்றால் உங்கள் கைக்கு வருவதும் 1000-தான். போட்ட பணம் வர 1322 ரூபாய்க்கு மேல் விலை வைக்க வேண்டும். அதுவும் ஸ்டீம் வாலட்டில்தான் விழும், வங்கிக்கு வராது. முதலீடு என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்கிய ஸ்கின்னை உடனே ஆட்டத்தில் பயன்படுத்தலாம். மறுவிற்பனைக்கும் டிரேடுக்கும் 7 நாள் பொறுக்க வேண்டும்.

போலித் தளத்தில் ஸ்டீம் கணக்கோடு உள்நுழைந்துவிட்டால், கணக்கின் ஏபிஐ கீ (வெளி மென்பொருள் உங்கள் கணக்கை அணுக உதவும் சாவிக் குறியீடு) பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் உருவாக்காத கீ அங்கே இருந்தால், மோசடிக்காரர்கள் உங்கள் டிரேடை ரத்து செய்து அதே பெயரும் படமும் உள்ள போலிக் கணக்கிலிருந்து வேறொன்றை அனுப்புவார்கள். முதலில் பாஸ்வேர்டு மாற்றம், அடுத்து எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றம், கடைசியில் கீ நீக்கம். கீயை மட்டும் நீக்கினால், உள்ளே இருப்பவர் இன்னொன்றை உருவாக்கப் பார்ப்பார்.