யூனிட்டை எண்ணி ஏமாறாதீர்கள்: கம்பி போகாத இடத்தில் மின்சாரம்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் நமக்கு, சுவிட்சுக்குப் பின்னால் ஓர் எல்லை உண்டு என்பதே மறந்துவிட்டது. கெட்டில், ரைஸ் குக்கர், ஏர்கான் மூன்றும் சேர்ந்து ஓடினாலும் விளக்கு கண் சிமிட்டாது. மாதக் கடைசியில் பில் மட்டும்தான் உறுத்தும். சாங்கியிலிருந்து பத்து நிமிடப் படகுப் பயணத்தில் உள்ள புலாவ் உபினில் நிலைமை வேறு. பெருந்தீவின் மின்கட்டமைப்பு அங்கே எட்டவில்லை. 2013ல்தான் எரிசக்திச் சந்தை ஆணையம், சூரியத் தகடுகளும் பயோடீசல் ஜெனரேட்டர்களும் சேர்ந்த சிறு மின்கட்டமைப்பு ஒன்றைப் படகுத்துறைப் பகுதியில் சோதனைக்காக அமைத்தது. அதற்கு முன்பு வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை டீசல் ஜெனரேட்டர்தான்.

இப்படிப்பட்ட இடங்களிலும் ஜொகூர் நீரிணையில் மிதக்கும் மீன்பண்ணைகளிலும் வயரிங் வேலை பார்க்கிறேன். எல்லாரும் முதலில் சறுக்குவது யூனிட் கணக்கில். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

“ஒரு நாளுக்கு எட்டு யூனிட்தான் அண்ணே, சின்ன இன்வெர்ட்டரே போதும்” என்பார்கள். பேட்டரி மின்சாரத்தை வீட்டுச் சாமான்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிதான் இன்வெர்ட்டர். எட்டு யூனிட்டை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி 330 வாட் சொச்சம்தான். ஆனால் சராசரியாக யாரும் டீ போடுவதில்லையே. ஒரு பண்ணையில் 3,000 வாட் மலிவு இன்வெர்ட்டரைப் பொருத்திவிட்டு வந்தேன். மாலை ஏழு மணி. வேலை முடிந்த தம்பிகள் 700 வாட் குக்கரில் அரிசியைப் போட்டார்கள், 2,000 வாட் கெட்டிலைத் தட்டினார்கள். காற்றூட்டும் பம்ப் ஏற்கெனவே 200 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஃப்ரீசரின் கம்ப்ரசர் கிளம்பியது. ஓடும்போது அது 150 வாட்தான். கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு கேட்கும். இன்வெர்ட்டர் படுத்துவிட்டது. கூடவே காற்றூட்டும் பம்பும் நின்றது. நீரோட்டம் மந்தமான இரவு. கூண்டு மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்ததைத் தம்பி ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

தவறு கெட்டிலைத் தட்டியவருடையது அல்ல, என்னுடையது. உயிர் காக்கும் பம்பையும் டீ போடும் கெட்டிலையும் ஒரே தடத்தில் நான் கோத்திருக்கக் கூடாது. மறுவாரம் பம்புக்குத் தனி இன்வெர்ட்டர் வைத்தேன். சமையல் மேசையில் ஓர் இருவழிச் சுவிட்ச்: ஒரு பக்கம் தள்ளினால் குக்கர், மறுபக்கம் கெட்டில், இரண்டும் சேர்ந்து ஓட வழியில்லை. இருபது வெள்ளிகூட ஆகவில்லை. சுவிட்சுக்கு மேலே மார்க்கர் பேனாவால் “முதலில் சோறு, பிறகு டீ” என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். என் வரைபடத்தைவிட அதைத்தான் எல்லாரும் படிக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒருமுறை சூடு கண்டவர் அடுத்த முறை யானை போன்ற ஜெனரேட்டரை வாங்கிவிடுவார். இரவு முழுக்க அதில் ஓடுவது நான்கு விளக்கும் இரண்டு மின்விசிறியும். டீசல் எந்திரம் தன் சக்தியில் முப்பது விழுக்காட்டுக்கும் கீழே நெடுநேரம் ஓடினால் உள்ளே போதிய சூடு ஏறாது. டீசல் முழுதாக எரியாது. கரி படியும், புகைக்குழாயில் கருப்பாகக் கசியும், யூனிட்டுக்கு ஆகும் டீசலும் எகிறும். பெரிதாக வாங்கினால் பாதுகாப்பு என்ற நினைப்பு டீசல் விஷயத்தில் பலிக்காது. சிறியதாக இரண்டு இருப்பதே மேல்.

பேட்டரி ஒன்றே சேமிப்பு என்று நினைப்பது இன்னொன்று. சிங்கப்பூர் வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு சராசரியாக நாளுக்கு மூன்று யூனிட் சொச்சம் தரும். டிசம்பர் மழையில் அதுவும் குறையும். அதைப் பேட்டரியில் ஏற்றி இரவில் தண்ணீர் மோட்டாருக்குக் கொடுப்பது வீண் செலவு. நண்பகலிலேயே மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிடலாம், ஐஸ் உறைய வைத்துவிடலாம். நிறைந்த தொட்டியும் பேட்டரிதான், விலைதான் குறைவு. ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடிய விட்டுப் பழகினால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும்.

ஊர்கூடிப் பகிரும் மின்சாரத்தில் வெறும் தடை உத்தரவு எடுபடாது. பீகாரின் தர்னாய் கிராமத்தில் 2014ல் 100 கிலோவாட் சூரிய மின்கட்டமைப்பு வந்தது. ஃபிரிட்ஜ் போன்றவற்றை அதில் போடக்கூடாது என்றார்கள். அரசின் மின்கம்பி ஊருக்குள் வந்ததும் மக்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பின்னாளில் அந்த ஏற்பாடு கேட்பாரற்றுக் கிடந்தது. ஸ்காட்லாந்தின் எக் (Eigg) தீவில் 2008 முதல் வேறு ஏற்பாடு. வீட்டுக்கு 5 கிலோவாட், தொழிலுக்கு 10 கிலோவாட் உச்ச வரம்பு. அதற்குள் எதை வேண்டுமானாலும் போடலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. மிஞ்சும் மின்சாரம் பொதுக் கட்டடங்களைச் சூடாக்கப் போகிறது. எந்தச் சாமான் ஆகாது என்று பட்டியல் போடுவதைவிட, ஒரு நேரத்தில் எவ்வளவு என்று வரம்பு கட்டுவதே என் கட்சி.

கடைசியாக, மீட்டரை டீசல் பீப்பாய்க்குப் பின்னால் மாட்டாதீர்கள். சமைப்பவர் நிற்கும் இடத்தில், கண்ணுக்கு நேரே மாட்டுங்கள். கெட்டிலைத் தட்டியதும் எண் தாவுவதை அவர் பார்க்க வேண்டும்.