ஊரடங்கில் வாடகை தராதவரை எழுப்புவது எப்படி? திருகோணமலை வீட்டுக்காரருக்கு ஒரு செய்முறை

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். பூட்டு மாற்றுவது, கரண்டை வெட்டுவது, சாமானைத் தூக்கி முற்றத்தில் வைப்பது, மூன்றும் வேண்டாம். குடியிருப்பவர் பொலிசுக்குப் போனால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் விசயம் நீதிமன்றுக்குப் போகும். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக எழுப்பப்பட்டார் என்று தெரிந்தால் வீடு திரும்ப அவர் கைக்கே போகும். எத்தனை மாத வாடகை பாக்கி என்ற கணக்கு அங்கே எடுபடாது.

படி 1: ஒப்பந்தம்

உவர்மலைப் பக்கம் பல வீடுகள், முத்திரை ஒட்டிய தாளில் சமாதான நீதவானின் சீலோடுதான் வாடகைக்குப் போகின்றன. ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படவேண்டும். அதனால் சீல் மட்டும் உள்ள தாளில் "ஒரு வருடம்" என்று இருந்தாலும் அது மாத வாடகையாகவே பார்க்கப்படும். வீட்டுக்காரருக்கு இதில் நட்டமில்லை. ஒரு மாத அறிவித்தலோடு முடிக்கலாம்.

பழைய வீடு என்றால் கவனம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் அது வந்தால், முதல் தடவை நிலுவைக்கு மூன்று மாத அறிவித்தல் தேவை. அதற்குள் அவர் பாக்கியைக் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்கு வழக்கு இல்லை. வீடு கட்டிய ஆண்டைச் சொல்லிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

படி 2: கணக்கு

மாதம், வரவேண்டியது, வந்தது, வந்த திகதி, எந்த வழியாக வந்தது. இவ்வளவும் ஒரே தாளில் இருக்கட்டும். கரண்ட், தண்ணீர் பில் வேறாக. வட்ஸ்அப் செய்தியை நம்பி இருப்பதைவிட, கார்பன் வைத்து எழுதும் ரசீதுப் புத்தகமே என் தெரிவு. போன் மாறும், புத்தகம் அலுமாரியில் கிடக்கும்.

படி 3: அறிவித்தல்

வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மாத வாடகையை முடிக்க ஒரு முழுக் காலண்டர் மாதம் கொடுக்கவேண்டும். அந்தக் கெடு வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடியவேண்டும். வாடகை 1ஆம் திகதி தொடங்கினால், ஜூன் 30இல் விடச் சொல்லும் கடிதம் மே 31க்குள் அவர் கையில் இருக்கவேண்டும். ஜூன் 3இல் கிடைத்தால் கணக்குப் பிழை. "30 நாள் தருகிறேன்" என்று மட்டும் எழுதுவதும் ஆபத்து, திகதியைப் போடுங்கள்.

சாதாரண நாளில் மூன்று நாளில் போகும் பதிவுத் தபால் ஊரடங்கில் எப்போது போய்ச் சேரும் என்று சொல்லமுடியாது. 2020 மார்ச் 20இல் நாடே பூட்டப்பட்டபோது அனுப்பிய கடிதங்களை நினைத்துப் பாருங்கள். அதனால் ஒரு மாதம் கூட்டியே கெடு வையுங்கள். மே நடுவில் அனுப்பினால் ஜூலை 31. ஒரு மாத வாடகை போனாலும், பிழையான அறிவித்தலால் வழக்கே தள்ளுபடியாவதைவிட மலிவு. தபால் துண்டையும் கடிதத்தின் பிரதியையும் சேர்த்துக் குத்தி வையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர் கட்டாருக்குப் போய் மனைவி மட்டும் இருந்தாலும், கடிதம் கையெழுத்து வைத்தவர் பெயருக்கே. மனைவிக்கு ஒரு பிரதி.

படி 4: நடுவில் பணம் வந்தால்

கெடு முடிந்தபின் "வாடகை" என்று ரசீது எழுதினால், வாடகை தொடர்கிறது என்று எதிர்த்தரப்பு வாதாடும். "உரிமைகளுக்குப் பங்கமின்றி, நட்டஈட்டுக் கணக்கில் பெற்றது" என்று எழுதுங்கள். அவர் வங்கியில் நேரே போட்டால் அன்றே இதே வசனத்தில் கடிதம் அனுப்புங்கள்.

படி 5: பேச்சு

நிலாவெளி ஹோட்டலில் வேலை செய்தவருக்கு வருமானம் நின்றது உண்மை. மாதச் சம்பளம் தவறாத அரச உத்தியோகத்தர் அதே காரணத்தைச் சொன்னால் நம்பத் தேவையில்லை. 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கொவிட்-19 (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், சில ஒப்பந்தக் கடப்பாடுகளை நிறைவேற்ற முடியாமல் போனவர்கள் நிவாரணம் கேட்க வழிவிட்டது; அந்தக் காலத்து நிலுவைக்கு அவர் அதைக் கிளப்பினால், வீட்டு வாடகைக்கு அது பொருந்துமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். இரண்டு மாதப் பாக்கியை விட்டுக்கொடுத்து, திகதி போட்டு, திறப்பை வாங்குவது பல நேரம் வழக்குச் செலவைவிடக் குறைவு. விட்டுக்கொடுப்பு திறப்பு கைக்கு வந்தபின்தான் செல்லும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

படி 6: வழக்கு

மாவட்ட நீதிமன்றம். கேட்கும் தொகை குறைவு என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் எடுக்கவேண்டி வரலாம், சட்டத்தரணி சொல்வார். தீர்ப்பு வந்தாலும் நீங்களாக உள்ளே போகவேண்டாம். நிறைவேற்றும் கட்டளை எடுத்து, பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலர்) வந்துதான் வீட்டை ஒப்படைக்கவேண்டும்.

அந்த நாளில் பூட்டு உடைப்பவரையும் புதுப் பூட்டையும் கொண்டுபோங்கள். உப்புக் காற்றில் பழைய பூட்டு இறுகி, திறப்பு இருந்தாலும் திறக்காது. மின், தண்ணீர் மீற்றர் இலக்கங்களைப் பிஸ்கால் நிற்கும்போதே படம் எடுங்கள்.

பிற்சேர்க்கை: குத்தகைக்குக் கொடுத்த இடத்தைச் சுருக்க நடவடிக்கையில், அதாவது நீண்ட வழக்கில்லாமல் விரைவாக, மீட்க 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அடுத்த ஆளுக்கு வீடு கொடுக்குமுன், நொத்தாரிசு உறுதி எழுதினால் அந்த வழி உங்களுக்குத் திறக்குமா என்று சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.